தமதல்லாத பொழுதைத் தரமுடியுமா?

தொண்டு என்னும் சொல்லை ஆராயாமலே போற்றி நாம் பழகிவிட்டோம். ஊதியம் கருதாது பிறர்க்கு உழைப்பது நன்று என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆயின் அவ்வுழைப்பை நல்குபவர் யார், அவர் நல்கும் பொழுது முதலில் அவருக்கு உரியதாயிருந்ததா என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கிராமப்புறங்களிற் பெண்கள் கூடி நடத்தும் இலக்கிய வட்டங்களைப் பற்றிச் சிந்திக்கும்போது இவ்வினாக்களைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

திருக்குறள் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரத்திலும் ஈகையை 23ஆம் அதிகாரத்திலும் வைத்துப் பேசுகின்றது. இரண்டும் வெவ்வேறு அறங்களாயினும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. கொடுப்பவரிடம் கொடுப்பதற்கென அவருக்கே உரிய பொருள் ஒன்று உண்டு என்பதே அவ்வடிப்படை. பிறர் பொருளை எடுத்து வழங்குதல் ஈகையாகாது. பொருளுக்குப் பொருந்தும் இந்நியதி பொழுதுக்கும் பொருந்துமன்றோ? தன் பொழுது தன் வசமில்லாத ஒருத்தி அதனைத் தொண்டாக வழங்குவது எங்ஙனம்?

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே 30 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள கல்குடாவை எடுத்துக்கொள்வோம். மீன்பிடியும் நெல் வேளாண்மையும், பாசிக்குடாக் கரையிற் பெருகிய உல்லாசப் பயணத் தொழிலும் இப்பகுதி மக்களுக்கு வாழ்வளிப்பன. மட்டக்களப்புத் தமிழரிடையே தாய்வழிக் குடிமுறை நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் சேர்வதும், மணமானபின் கணவன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்வதும் இங்குள்ள வழக்கம். எழுத விரும்பும் பெண்ணுக்குப் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என ஆங்கில எழுத்தாளர் வெர்ஜினியா வூல்ஃப் 1929இல் வாதிட்டார். கல்குடாப் பெண்ணுக்கு அறை மட்டுமன்றி வீடே உண்டு. அவ்வீட்டினுள் அவளுக்கென ஒரு மணிநேரம் உண்டா என்பதுதான் கேள்வி. உறுதி அவள் பெயரில் இருக்கின்றது. பொழுதோ வீட்டிலுள்ள மற்றெல்லார் பெயரிலும் எழுதப்பட்டிருக்கின்றது.

அப்பெண் ஊருக்கு உழைக்காதவளும் அல்லள். அம்மன் கோயிற் சடங்குக் காலத்து நெற்குற்றுதல், மாதர் சங்கத்துச் சிரமதானம், மரண வீட்டுச் சமையல் என அவள் கைபடாத பொதுக்காரியம் இல்லை. ஆயினும் இவற்றுள் எதனையும் "இன்று என்னால் இயலாது" என்று மறுக்க அவளுக்கு எளிதில் இடமில்லை. மறுக்க இடமில்லாதவிடத்து நிகழ்வது கடமையாகலாம், வழமையாகலாம். அதனைத் தொண்டு எனல் சொல்லுக்கு இழைக்கும் அநீதியாகும்.

இவ்விடத்திலேதான் இலக்கிய வட்டம் ஏனைய பொதுப்பணிகளினின்றும் வேறுபடுகின்றது. கோயிலடிக்கு வராவிட்டால் ஏச்சு விழும். இலக்கியக் கூட்டத்துக்கு வராவிட்டால் ஒருவரும் ஏசமாட்டார், வந்தாற்றான் ஏச்சு. அந்த ஏச்சையும் ஏற்றுக்கொண்டு, கடைசி பஸ்ஸைக் கணக்கிட்டு, ஒருத்தி தான் எழுதிய ஒரு பக்கத்தோடு வந்து, மற்றொருத்தி எழுதியதைப் பொறுமையோடு கேட்கிறாள் எனில், அந்த ஒரு மணிநேரத்தை அவள் முதலில் தனதாக்கிக்கொண்டாள். பின்னரே அதனைப் பிறர்க்கு வழங்கினாள். உடைமையும் கொடையும் ஒரே கணத்தில் நிகழும் அரிய செயல் இது எனலாம்.

இத்தகைய பொழுதுகள் வீண்போகவில்லை என்பதற்கு நமது அண்மைய வரலாறே சான்று. ஈழத்துப் பெண் கவிஞரின் படைப்புகளைத் தாங்கிய 'சொல்லாத சேதிகள்' 1986இல் யாழ்ப்பாணத்திற் பெண்கள் ஆய்வு வட்டத்தின் வெளியீடாக வந்தது. போரினால் இடம்பெயர்ந்த பெண்களுக்கு உதவும்பொருட்டு 1991இற் கொழும்பில் தோன்றிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1993இல் மட்டக்களப்புக்கு வந்தது; நிவாரணத்தோடு நின்றுவிடாது 'பெண்' என்னும் சஞ்சிகையையும் வெளியிட்டது. துயருற்றோரிடையே பணி செய்தவர்களுக்கே சஞ்சிகையின் தேவை தோன்றிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. போரையும், 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடற்கோளையும் கண்ட கரை இது. உணவும் கூரையும் வேண்டி நிற்பவரிடையே கவிதைக்கு என்ன வேலை என ஒருவர் வினவலாம். அரிசிக்குக் கவிதை ஈடாகாது, அதில் ஐயமில்லை. ஆயின் நிவாரணப் பட்டியல் ஒரு பெண்ணிடம் அவளது பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கையொப்பத்தையுமே கேட்கின்றது. அவளது வாக்கியத்தை அது கேட்பதில்லை. நிகழ்ந்ததைத் தன் சொற்களிற் சொல்லவும், சொன்னதை ஒருவர் கேட்கவும் வேண்டும் என்பது வயிறு நிறைந்தபின் தோன்றும் ஆடம்பரம் அன்று. இழப்பின் நடுவில் ஒப்பாரி பாடிய நம் மூதாட்டியர் இதனை நன்கறிந்திருந்தனர்.

இதனினும் கடினமான சிக்கல் வட்டத்தின் உள்ளேயே இருக்கின்றது. ஒருத்தி கூட்டத்துக்கு வரும் வேளையில் அவள் வீட்டு உலையை ஏற்றுபவர் யார்? பெரும்பாலும் அவளுடைய தாய். அன்றேல் பாடசாலை விட்டு வந்த மூத்த மகள். அவ்வாறாயின் தொண்டின் விலையை வேறொரு பெண் செலுத்துகிறாள். அவளிடம் எவரும் சம்மதம் கேட்டதில்லை. வட்டத்துக்குள்ளும் ஒருத்தியே எப்போதும் மண்டபத்தைக் கூட்டித் தேநீர் ஊற்ற, வேறொருத்தியே எப்போதும் தலைமையுரை ஆற்றுவாளாயின், வீட்டு அடுக்களை இடம்மாறி வந்துள்ளதேயன்றி வேறொன்றும் நிகழவில்லை. ஆகவே ஒரு பெண்கள் இலக்கிய வட்டத்தை அது வெளியிட்ட நூல்களின் தொகைகொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. கூட்டுமாறு முறைவைத்துக் கைமாறுகின்றதா, வர இயலாதென்று சொன்னவள் அடுத்த மாதம் தயக்கமின்றி வர முடிகின்றதா, அவ்வேளையில் வீட்டிலுள்ள ஆண் அகப்பையைக் கையிலெடுத்தானா என்பனவும் கேட்கப்பட வேண்டும்.

மறுக்கும் உரிமை அளித்தாற் சங்கம் கலைந்துவிடாதா எனச் சிலர் அஞ்சலாம். சில மாதங்கள் கூட்டம் மெலியக்கூடும். ஆயினும் மறுக்கத்தக்கவர் மறுக்காது வருவதிலேதான் அவர் வருகையின் பெறுமதி உள்ளது.

இவ்வளவும் கல்குடாவுக்கு மட்டும் உரியன எனக் கருதி நாம் அமைதியடைதல் ஆகாது. பல்கலைக்கழகத் தமிழ் விழாக்களிற் கோலமிடுவோரும் நிறைகுடம் வைப்போரும் யார், அவ்வேளையில் மேடையில் ஏற்ற வேண்டிய உரையைத் தயாரித்துக்கொண்டிருப்போர் யார் என ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. மகளிர் முன்னேற்றம் பற்றிய சொற்பொழிவுக்கு மாணவியர் கதிரை அடுக்கும் காட்சி அரிதன்று. அடுத்த விழாவுக்கான வேலைப் பட்டியல் எழுதப்படும்போது, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவரது சம்மதம் கேட்கப்பட்டதா என ஒரு நிரலையும் சேர்த்து வரைவது நமக்குக் கடினமான செயலன்று. தொண்டு என்னும் சொல்லுக்கு அதன் பொருளை மீட்டளிக்கும் பணியை அங்கிருந்து தொடங்கலாம்.