வரப்பு வைத்த போர்வை

அம்மா போய் ஒரு வருடம் ஆனபின் அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். பதினேழு நூல் சேலைகள். நாலு சுங்குடி, இரண்டு கண்டாங்கி, மற்றவை கைத்தறிக் கட்டம். அடியில் அப்பாவின் பழைய வேட்டிகள். வெட்டி ஒட்டுப்போர்வை தைக்கப்போகிறேன் என்று தங்கையிடம் சொன்னேன். "அம்மா கட்டுன சேலையில கத்தரி வைக்கவா? எப்படிக்கா மனசு வருது?" என்று போனிலேயே அழுதுவிட்டாள்.

அவள் கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. போனவர்களின் பொருளைப் பூட்டி வைப்பது பற்று. தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு எவர்சில்வர் கிண்ணம் வாங்கிவிட்டால் அது துறவாகிவிடுமா?

எனக்கு வழி காட்டியது பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான வினய பிடகம். மகத நாட்டு வயல்கள் வரப்பும் பாத்தியுமாக விரிந்து கிடந்ததைக் கண்ட புத்தர், அதுபோலத் துறவிகளின் ஆடையான சீவரத்தைத் தைக்க முடியுமா என்று தம் சீடர் ஆனந்தரைக் கேட்டார். ஆனந்தர் துணியைத் துண்டாக்கி, இடையில் வரப்புப் போலப் பட்டை வைத்து இணைத்தார். தேரவாதத் துறவிகளின் சீவரத்தில் அந்த வரப்புகளை இன்றும் பார்க்கலாம். வெட்டித் தைத்த துணிமேல் பிறர் ஆசை வைக்கமாட்டார்கள் என்பதையும் அந்நூல் சொல்கிறது. கத்தரி பட்டதும் துணியின் விலை போய்விடுகிறது; குளிருக்குப் போர்த்தும் குணம் போவதில்லை.

அதன்பின் வேலையில் இறங்கினேன். ஒவ்வொரு சேலையையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உடம்பு பட்டு உழைத்த இடங்களில் இழை நைந்திருந்தது; முந்தானை உறுதியாக இருந்தது. நைந்ததை உறுதியானதோடு சேர்த்துத் தைத்தால் துவைக்கும்போது தையலோரம் கிழிந்துவிடும். அதனால் ஒரே கனமுள்ள துணிகளையே ஒன்றாக அடுக்கினேன். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்ததில் அரக்குச் சுங்குடி மட்டும் சாயம் விட்டது. தண்ணீர் தெளியும்வரை அதை அலசிக் காயவைத்தேன்.

நிறம் சேர்ப்பதுதான் பெரும்பாடு. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை எல்லாம் அம்மாவுக்குப் பிடித்தவை. பக்கம் பக்கமாக வைத்தால் ஒன்றையொன்று விழுங்கின. அப்பாவின் வேட்டியை மூன்று விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து இடையில் வைத்தேன். ஒவ்வொரு நிறமும் தன் பாத்தியில் அடங்கியது. வரப்பு பிரிக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சேர்ந்திருக்க வைப்பதும் அதுதான்.

ஆனந்தரைப் பற்றி இன்னொரு செய்தியும் வினயத்தில் உண்டு. உதேன மன்னனின் அந்தப்புரப் பெண்கள் அவருக்கு 500 ஆடைகள் கொடுத்தார்கள். இத்தனையை வைத்து என்ன செய்வீர் என்று மன்னன் கேட்டான். ஆடை நைந்த துறவிகளுக்குப் பகிர்வேன் என்றார் ஆனந்தர். அவர்களுடைய பழைய ஆடை? மேல்விரிப்பாகும். அது பழசானால் மெத்தை உறை. பிறகு தரைவிரிப்பு, கால்மிதி, தூசித் துணி. கடைசியில் அதையும் நறுக்கிச் சேற்றோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்றார். மன்னன் மகிழ்ந்து இன்னொரு 500 ஆடைகள் கொடுத்தான்.

அம்மா வினயம் படித்தவள் இல்லை. ஆனால் அவள் சேலை கிழிந்தால் எங்களுக்குத் தூளி, பிறகு தலையணை உறை, பிறகு அடுப்படிக் கரித்துணி. அப்பாவின் வேட்டியில் கடைசியாக மிஞ்சிய கிழிசல் விளக்குத் திரியாகும். எதையும் அவள் பூட்டி வைத்ததும் இல்லை, வீணாக எறிந்ததும் இல்லை. பற்றறுப்பது என்றால் ஒரு பொருளைக் கடைசி இழைவரை பிறருக்குப் பயன்பட விடுவது என்று நான் புரிந்துகொண்டது அவளிடமிருந்துதான்.

போர்வை இப்போது தங்கை வீட்டில் இருக்கிறது. அவள் பேரக்குழந்தை அதில் உறங்குகிறது. உங்கள் வீட்டிலும் அப்படியொரு பெட்டி இருந்தால், மார்கழிக்கு முன் திறந்துவிடுங்கள்.