பசித்தவனிடம் கணக்குக் கேட்கலாமா?



தாங்கலில் அன்னதர்மம் நடக்கும் நாளில், பந்தி முடியும் நேரத்தில் ஒரு பேச்சு எழுவதுண்டு. "கையும் காலும் நன்றாக இருக்கிறவன்தானே, உழைத்துச் சாப்பிட்டால் என்ன? இவனுக்குச் சோறு போடுவது தர்மமா, சோம்பலை வளர்ப்பதா?" கேட்பவர் கெட்டவர் அல்ல. பெரும்பாலும் அரிசி மூட்டை கொடுத்தவராகவே இருப்பார். தம் வியர்வையில் விளைந்தது வீண்போகக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு. அதைத் தவறென்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அன்புக்கொடி மக்கள் தங்கள் முப்பாட்டன்மாரை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்றைய திருவிதாங்கூரில் அவர்கள் கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள். அதற்கு மேல் தலைவரியும் கட்டினார்கள். அதிகம் உழைத்தவனே அதிகம் பசித்தான். பசியைக் கண்டதும் "இவன் உழைக்காதவன்" என்று முடிவு கட்டுவது எவ்வளவு பிழையானது என்பதை அந்த மக்களின் வழிவந்தவர்களை விட யார் நன்றாக அறிவார்கள்? கொல்லம் ஆண்டு 1008 மாசியில், அதாவது 1833-ல், ஐயா வைகுண்டராக வெளிப்பட்ட பின் சுவாமித்தோப்பில் முத்திரிக் கிணற்றைச் சுற்றி எல்லாச் சாதியாரும் கூடினார்கள். ஒரே நீரில் குளித்து, ஒன்றாக இருந்து உண்டார்கள். அங்கே யாருடைய தகுதியும் அளக்கப்படவில்லை.

வாகைப்பதியில் துவையல் தவசு இருந்த 700 குடும்பத்தாரும் ஒருவேளை மட்டுமே உண்டார்கள். அது தாங்களே ஏற்றுக்கொண்ட பசி. வேலையற்றவன் வீட்டுப் பசி அப்படிப்பட்டதல்ல. அதற்கு முடிவுநாள் குறிக்கப்படவில்லை.

ஏமாற்றுபவனும் பந்தியில் உட்காரலாம், உண்மைதான். அப்போது தாங்கலுக்கு நட்டம் ஓர் இலைச் சோறு. தேவையுள்ளவனை விசாரித்து அனுப்பினாலோ, அவன் மறுபடி அந்தப் படி ஏறமாட்டான். அதைப் பார்த்து நின்ற வேறு இரண்டு பேரும் ஏறமாட்டார்கள். இரண்டு பிழைகளில் எது பெரிது என்று மூட்டை கொடுத்தவரே சொல்லட்டும்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. பந்திக்கு வராதவர்களை என்ன செய்வது? கணவன் படுக்கையில் கிடக்க, அடுப்பு எரியாத வீட்டிலிருந்து ஒரு தாய் எல்லோர் முன்னாலும் இலைக்கு வந்து உட்காரமாட்டாள். தாழ்ந்து கிடந்தவனைத் தலைப்பாகை கட்டி நிமிரச் செய்த வழி இது. வாங்குபவள் தலை குனிந்தால்தான் கிடைக்கும் என்றால் அந்த அரிசியில் தர்மம் எங்கே இருக்கிறது?

இப்போது நகரங்களில் உணவு வங்கி என்று நடத்துகிறார்கள். கொடுப்பவர் அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்டுவந்து வைக்க, தேவைப்பட்டவர் வந்து எடுத்துச் செல்கிறார். தாங்கலிலும் இதைச் செய்யலாம்; பிடி அரிசி எடுத்து வைத்த வீடுகளுக்கு இது புதிதல்ல. உலை வைக்கும்முன் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டு, ஞாயிறு பணிவிடைக்கு வரும்போது கொண்டுவந்தால் போதும். மூட்டை வந்ததற்கும் போனதற்கும் நோட்டில் கணக்கு இருக்கட்டும், அது கட்டாயம். வாங்கியவர் பெயர் மட்டும் அதில் வேண்டாம். இருட்டிய பிறகு ஒருவர் சைக்கிளில் கொண்டுபோய் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வரலாம். கொடுத்தவர் பெயரைப் பலகையில் எழுதும் பழக்கம் பல இடங்களில் வந்துவிட்டது. காணிக்கையே கேட்காத ஐயாவின் வாசலில் அது எதற்கென்று தெரியவில்லை.

கொடுக்கும் பொருளைப் பற்றியும் ஒரு சொல். தன் வீட்டில் பொங்காத அரிசியை, வண்டு விழுந்த பயறை, தர்மம் என்று கொண்டுவருபவர்களும் உண்டு. பணிவிடைக்காரர் அதைப் பையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவர் தெரிந்தவராக, சொந்தக்காரராகக்கூட இருப்பார், சங்கடமாகத்தான் இருக்கும்.