பெயர் பெற்றோரும் பெயரிழந்தோரும்

நீராவிக் கப்பலைக் கண்டவர் யாரென வினவினால், றொபேட் புல்ரன் என்ற விடை தயக்கமின்றி வரும். 1807இல் அவருடைய கப்பல் நியூயோர்க்கிலிருந்து அல்பனி வரையான 150 மைலை 32 மணி நேரத்திற் கடந்தது உண்மையே. ஆயின் அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்னரே, 1787 ஓகஸ்ட் 22ஆம் நாள், பிலடெல்பியா நகரருகே டெலவெயர் ஆற்றில் ஜோன் பிற்ச் என்பார் நீராவியாற் படகு செலுத்திக் காட்டினார். பக்கத்துக்கு 6 ஆக 12 துடுப்புகளை யந்திரம் வலித்தது. அமெரிக்க அரசியலமைப்பை வகுக்கக் கூடியிருந்த பிரதிநிதிகள் சிலரும் அதனைக் கண்டனர். 1790இல் அவருடைய மற்றொரு படகு அதே ஆற்றில் ஒழுங்காகப் பயணிகளை ஏற்றிச் சென்றது.

பிற்ச் செல்வரல்லர். கடிகாரத் தொழில் பழகி, வெள்ளி வேலையும் நில அளவையும் செய்து பிழைத்தவர். ஆற்றோரமாக வண்டிப்பாதை இருந்தமையாற் படகுக்குப் பயணிகள் போதவில்லை; முதலிட்டோர் கைவிட்டனர். 1798இல் கென்ரக்கியில், மனமுடைந்து, தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். புல்ரனுக்கோ பெருநிலக்கிழாரான றொபேட் லிவிங்ஸ்ரனின் பணமும் செல்வாக்கும் துணைநின்றன.

இதனாற் புல்ரனைக் கள்வரென்பது நீதியன்று. பயன்தரும் வகையில் ஒன்றைச் செய்து முடிப்பதும் அறிவின் தொழிலே. ஆனால் வெற்றி பெற்றவனே கண்டவன் என்று விதி செய்வோமாயின், அறிவை அளக்கும் கோலைப் பணத்தின் கையிற் கொடுத்தவராவோம். பிற்ச்சுக்குக் குறைந்தது சிந்தனையன்று, மூலதனமே.

அவரையும் குற்றமற்றவராக்கி வழிபட வேண்டுவதில்லை. நியூயோர்க் நீர்நிலைகளில் நீராவிப் படகு செலுத்தும் தனியுரிமையை 1787இல் அவரே கேட்டுப் பெற்றார். 1798இல் சட்டமன்றம் அதனைப் பறித்து லிவிங்ஸ்ரனுக்கு வழங்கிற்று. ஏழை தனக்கென இட்ட வேலி செல்வனுக்கே பயன்பட்டது. அத்தனியுரிமையை 1824இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தகர்க்கும் வரை பிறர் தடுக்கப்பட்டனர்.

உண்மையில் நியூகொமனும் வாற்றும் யந்திரத்தைச் செப்பஞ்செய்திராவிடின் பிற்ச்சின் படகு இல்லை. அவருடன் உழைத்த கடிகாரத் தொழிலாளர் ஹென்றி வொயிற் இன்றியும் அது இல்லை. பலர் உழைப்பில் விளைந்ததை ஒருவர் பெயரில் எழுதுவது சரித்திரத்துக்கு எளிது; அறத்துக்கு ஒவ்வாது. புல்ரனின் சிலையை அகற்றிப் பிற்ச்சுக்குச் சிலை நாட்டுவதாலும் இவ்வநீதி தீராது. பொருளில்லாதவன் சிந்தனையும் பரீட்சிக்கப்பட வழிசெய்வது சமுதாயத்தின் கடன். அக்கடன் தீராதவரை, நாம் அறியாத பிற்ச்சுகள் எத்தனை பேரோ!