எல்லா எடத்துலயும்தான் இருக்கு சார்!

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி ஏறி இறங்கியிருக்கிறீர்களா? இறங்கி வந்ததும் ஒரு பசி வரும் பாருங்கள், அதன் முன்னால் எந்த ராஜ்யமும் நிற்காது. அப்படியொரு பசியோடு ஊருக்குள் வந்து ஒரு சின்ன ஓட்டலில் உட்கார்ந்தேன். இலை போட்டாச்சு. சாம்பார் மணம் ஆளைத் தூக்கியது. இரண்டாவது கவளம் வாய்க்குப் போகும் நேரம், எதிர்ச் சுவரில் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கரப்பான்பூச்சி எட்டிப் பார்த்தது. மீசையை இரண்டு தரம் ஆட்டியது. வந்த வழியே போய்விட்டது.

நான் அதைப் பார்த்ததை சப்ளையர் பையன் பார்த்துவிட்டான். இருபது வயது இருக்கலாம். கல்லாப் பக்கம் ஒரு பார்வை, என் பக்கம் ஒரு பார்வை. 'சொல்லிடாதீங்க சார்' என்று அர்த்தம்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நான் சொல்லவில்லை. பாதியில் எழுந்து, முழுச் சாப்பாட்டுக்கும் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு ஏழைப் பையனின் பிழைப்பைக் காப்பாற்றிய பெருமை வேறு மனசுக்குள்!

பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். மேல்மலையனூர் அங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்த ஒரு குடும்பம். இடுப்பில் குழந்தை. "சார், இங்க சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?" என்று என்னிடமே கேட்டார்கள். "எங்க வேணா போங்க, அந்தக் கடைக்கு மட்டும் போகாதீங்க" என்றேன், பட்டென்று.

சொன்ன பிறகுதான் உறைத்தது. சரிசெய்யக்கூடிய ஒரே மனிதரிடம் வாயைத் திறக்காதவன், முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லிவிட்டேன். ஊருக்குத் திரும்பினால் இன்னும் பத்து பேரிடம் சொல்லுவேன். கடைக்குக் கூட்டம் குறையும். குறைந்தால் முதலில் யாருக்கு வேலை போகும்? அதே பையனுக்கு! நான் கருணை என்று நினைத்தது கருணையே இல்லை. ஒரு சங்கடமான பேச்சைத் தவிர்த்த சோம்பல்.

திரும்பிப் போனேன். கல்லாவில் இருந்தவரிடம் தனியாக, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எல்லா எடத்துலயும்தான் இருக்கு சார். மார்க்கெட்லேர்ந்து வர்ற மூட்டையில வருது. வெளிய சாக்கடை ஓடுது. மருந்து அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். பசங்க சரியா கழுவினாத்தானே?" என்றார்.

ஒரே மூச்சில் நாலு பேர் குற்றவாளி: மார்க்கெட், சாக்கடை, மருந்து, பசங்க. தமாஷ் என்னவென்றால், அவர் சொன்ன எதுவும் பொய் இல்லை.

இந்தப் பழி போடும் பழக்கம் உலகம் பூராவும் உண்டு. ஓட்டல் சமையலறைகளில் அதிகம் குடியிருக்கும் சின்னப் பழுப்புப் பூச்சிக்கு 'ஜெர்மன் கரப்பான்' என்று பெயர். 1767-ல் லின்னேயஸ் வைத்தது. ரஷ்யாக்காரர்கள் அதை 'பிரஷ்யாக்காரன்' என்றார்கள். ஜெர்மனியில் சில பகுதிகளில் அதற்கே 'ரஷ்யாக்காரன்' என்று பெயர். அப்புறம் 2024-ல் மரபணுவை ஆராய்ந்து பார்த்தார்கள். சுமார் 2,100 வருடங்களுக்கு முன்னால், இந்தியாவிலோ மியான்மரிலோ மனிதக் குடியிருப்புகளுக்குப் பழகிய பூச்சியாம் அது. ஆக, 'அது வெளியூர்ச் சரக்கு' என்று நாம் சொல்லவே முடியாது!

சரி, மருந்து அடிக்கிறார்களே, ஏன் போகவில்லை? அடிக்கிற நெடியில் பாதி சாகும், மீதி பக்கத்து இடுக்குக்குக் குடிபெயரும். ஒரு பெண் பூச்சி சுமக்கும் முட்டைக் கூட்டில் 30, 40 முட்டைகள். பொறிக்கும் சமயம் வரை கூடவே தூக்கிக்கொண்டு திரியும். இடுக்கில் ஜெல் வைத்தால் பலன் அதிகம். தின்ற பூச்சி கூட்டத்துக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தைத் தின்றவையும் சாகும். ஆனால் ஜெல்லின் மேலேயே ஸ்பிரே அடித்தால் எந்தப் பூச்சியும் அதைத் தொடாது. 1993-லேயே இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். ஜெல்லில் இருக்கும் குளுக்கோஸையே வெறுத்து ஒதுக்கும் கரப்பான் பரம்பரை உருவாகிவிட்டது!

அதனால் மருந்து மட்டும் போதாது. அதற்குத் தண்ணீர், சாப்பாடு, இடுக்கு இந்த மூன்றும் கிடைக்கக் கூடாது. ஒழுகும் குழாயை அடைக்க வேண்டும். ராத்திரி கடை மூடுமுன் அடுப்புக்கு அடியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்ட வேண்டும். அட்டைப் பெட்டிகளை உள்ளே சேர்த்து வைக்கக் கூடாது. சாக்கடை வாய்க்கு வலை, பெயர்ந்த ஓடுகளுக்கு சிமென்ட். சாக்கடையிலிருந்து வரும் பெரிய சிவப்புக் கரப்பான் 3 மில்லிமீட்டர் சந்து கிடைத்தால் போதும், உடம்பைத் தட்டையாக்கி நுழைந்துவிடும். கிட்டத்தட்ட இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிய உயரம்!

இதில் பிசுக்கைச் சுரண்டுவது பையன் வேலை. மீதியெல்லாம் முதலாளி பணம் எடுத்தால்தான் நடக்கும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் வந்து, 2011-ல் அமலானது. சுகாதாரமில்லாமல் சமைத்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்த அபராதம் கடை நடத்துகிறவருக்குத்தான். துடைக்கிற துணி யார் கையில் இருந்தது என்று சட்டம் கேட்பதில்லை.

நான் காலையில் பார்த்த கோட்டையை நினைத்துக்கொண்டேன். 1690-ல் தொடங்கிய மொகலாய முற்றுகை 1698-ல்தான் முடிந்தது. அத்தனை வருடம் தாக்குப்பிடிக்க மதில் மட்டும் போதுமா? உள்ளே சோறு வேண்டாமா? மலையடிவாரத்தில் பிரமாண்டமான நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. அதற்கு ஒரு பொறுப்பாளர் இருந்திருப்பார். தானியத்தில் பூச்சி என்று ராஜா கேட்டால், 'எல்லாக் கோட்டையிலும்தான் இருக்கு மகாராஜா' என்று அவரால் சொல்லியிருக்க முடியுமா?

எல்லா இடத்திலும் இருக்கலாம். அதனால் இங்கே இருப்பது நியாயமாகிவிடாது. மார்க்கெட், சாக்கடை, முதலாளி, பையன், பார்த்தும் பேசாமல் போகிற நான்... எங்கள் எல்லோருக்கும் நடுவில் 'இது என் வேலை இல்லை' என்று ஒரு இடுக்கு இருக்கிறது. கரப்பான் சௌகரியமாகக் குடித்தனம் நடத்துவது அங்கேதான்.

கல்லாவில் இருந்தவர் எழுந்து போய் சாமி படத்தைத் தூக்கிப் பார்த்தார். பின்னால் காரை பெயர்ந்து, கை நுழைகிற அளவுக்குப் பொந்து. ஒன்றல்ல, ஒரு குடும்பமே சிதறி ஓடியது. அவர் முகம் மாறியது. "டேய்!" என்று பையனை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"அவனைக் கூப்பிட்டு என்ன சார் பண்ணப்போறீங்க?" என்றேன். "கொத்தனாரைக் கூப்பிடுங்க."