வாசனையை நம்பி வந்தவை

அலாஸ்காவின் வால்டீஸுக்குப் போய்வந்த எல்லோருடைய போனிலும் ஒரே வீடியோதான் இருக்கும். என் போனிலும் இருக்கிறது. டேவில் சாலையோரம், சாலமன் கல்ச் மீன்குஞ்சுப் பொரிப்பகத்தின் வாசலில், கடல் கறுத்துக் கொதிப்பதுபோலத் தெரியும். உற்றுப் பார்த்தால் அத்தனையும் மீன் முதுகுகள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பிங்க் சால்மன். நடுவில் ஒரு கடல்சிங்கம் தலையைத் தூக்கி, வாயில் கிடைத்ததை உதறிக் கிழிக்கும். மிச்சத்துக்குக் கடற்பறவைகள் அடித்துக்கொள்ளும். பின்னணியில் என் குரல்: “அங்க பாரு, அங்க பாரு!” அவ்வளவு சந்தோஷமான குரல். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தபோது மீன்களை விட அந்தக் குரல்தான் உறுத்தியது.

ஆங்கரேஜிலிருந்து ஏறத்தாழ 480 கிலோமீட்டர். நண்பன் ஓட்டினான், நான் பனிமலைகளைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு வந்தேன். பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற பெரிய விரிகுடாவின் வடகிழக்கு மூலையில் இருக்கிற, ஏறத்தாழ நாலாயிரம் பேர் வாழும் ஊர். கோடையில் தூண்டிலோடு வருகிறவர்கள், கயாக் விடுகிறவர்கள், கொலம்பியா பனியாற்றைப் பார்க்கப் படகேறுகிறவர்கள் என்று நிரம்பி வழிகிறது. ஊரே ஒருமுறை இடம் மாறியது. 1964 மார்ச் 27 அன்று 9.2 அளவில் நிலநடுக்கம் வந்து துறைமுகம் கடலுக்குள் சரிந்தது. அதன்பிறகு சில மைல் தள்டிப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். உலகத்துக்கு இந்தப் பெயர் தெரிந்தது வேறு காரணத்தால். 1989இல் இங்கே எண்ணெய் ஏற்றிக்கொண்டு கிளம்பிய எக்ஸான் வால்டீஸ் கப்பல் பிளை ரீஃப் பாறையில் மோதி, ஏறத்தாழ 1.1 கோடி கேலன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. எண்ணெய் தென்மேற்காக ஒழுகிப் போய்விட்டது. வால்டீஸ் கரைக்கு அது வரவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சரி, மீனுக்கு வருகிறேன்.

அந்தப் பொரிப்பகத்தில் ஆண்டுக்கு 20 கோடிக்கும் மேல் பிங்க் சால்மன் முட்டைகளைப் பொரிக்க வைக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க முட்டைகள் உள்ளே. வசந்தத்தில் குஞ்சுகளைக் கடலில் வலைக்கூண்டுக்குள் வைத்துக் கொஞ்ச நாள் தீனி போட்டுத் திறந்து விடுகிறார்கள். அவை வட பசிபிக்கில் திரிந்து, அடுத்த ஆண்டு கோடையில் திரும்பி வருகின்றன. பிங்க் சால்மனுக்கு ஆயுள் கணக்காக இரண்டு வருஷம். வருகிற வழியிலேயே பெரும்பகுதியை மீனவர்கள் பிடித்துவிடுவார்கள். ஒரு பங்கை விற்றுத்தான் பொரிப்பகமே நடக்கிறது. மிஞ்சியவை தடுப்பில் முட்டி, மீன் ஏணி வழியாக ஏறி உள்ளே போனால், முட்டையும் விந்தும் எடுக்கப்படும். அங்கே அதோடு கதை முடிந்தது. காட்டோடையிலும் முட்டையிட்டதும் சாகிற மீன்தான் அது.

கடலில் அத்தனை தூரம் போன மீன் இந்த வாசலுக்கே எப்படி வருகிறது? வாசனையால். குஞ்சாக இருந்தபோது அறிந்த தண்ணீரின் மணத்தை அது மறப்பதில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லர் 1970களில் இதைச் சோதித்தார். கோஹோ சால்மன் குஞ்சுகளை மார்ஃபோலின் என்ற ரசாயனம் துளியூண்டு கலந்த தண்ணீரில் வளர்த்து மிச்சிகன் ஏரியில் விட்டார்கள். திரும்பும் பருவத்தில், அவை பார்த்தே இராத ஓர் ஓடையில் அதே மார்ஃபோலினைச் சொட்டவிட்டார்கள். மீன்கள் அந்த ஓடைக்கு வந்தன.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் காலையில் வேலைக்கு உட்கார்ந்தபோது கை கொஞ்சம் தயங்கியது. ஒரு செயலிக்குள் ஆட்கள் தினமும் திரும்பி வருவதற்கான ஏற்பாடுகளை எழுதுவதுதான் என் பிழைப்பு. எந்த நேரத்தில், எந்த வார்த்தையில், என்ன நிறத்தில் சொட்டவிட்டால் வருவார்கள் என்று அளந்து பார்ப்போம். ‘தக்கவைப்பு’ என்று அதற்கு மரியாதையான பெயர் வேறு.

தடுப்பின் முன்னால் நின்றபோது இதைத்தான் நண்பனிடம் சொன்னேன். ஒன்றின் விசுவாசத்தையே அதைப் பிடிக்கும் கண்ணியாக்குவது துரோகம் இல்லையா?

அவன் சிரித்தான். “டேய், இந்தப் பொரிப்பகம் இல்லைன்னா இந்த மீனே கிடையாது. இல்லாத ஒண்ணுக்கு நீ என்ன துரோகம் பண்ண முடியும்?”

அவனுக்குத் தெரியாமலேயே டெரெக் பார்ஃபிட்டின் வாதத்தைச் சொல்லிவிட்டான். 1984இல் வந்த நூலில் பார்ஃபிட் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்கிறார். அவள் இப்போதே பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைக்கு நல்ல தொடக்கம் அமையாது. காத்திருந்து பெற்றால் அமையும், ஆனால் அப்போது பிறப்பது வேறொரு பிள்ளை. முதல் பிள்ளைக்கு வேறு வாழ்க்கை என்ற ஒன்றே கிடையாது, இது இல்லையென்றால் எதுவும் இல்லை. அப்படியானால் யாருக்குத் தீங்கு நேர்ந்தது? தவறு என்று உள்ளே தோன்றுகிறது, ஆனால் பாதிக்கப்பட்டவரைக் காட்ட முடியவில்லை. இந்தக் குழப்பத்தை அவரே முழுசாகத் தீர்த்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

துரோகம் என்ற வார்த்தையையே முதலில் சரிபார்க்க வேண்டும் என்று பிறகு தோன்றியது. ஓடையின் மணம் சால்மனுக்கு என்ன சொல்கிறது? ‘நீ இங்கே பிழைத்தாய், உன் குஞ்சுகளும் பிழைக்கும்.’ ஹாஸ்லரின் மார்ஃபோலின் ஓடை சொன்னது பொய், அந்த மீன்கள் அங்கே பிறக்கவில்லை. ஆனால் சாலமன் கல்ச்சின் மணம் சொல்வது உண்மை. அங்கே முட்டைகளில் பெரும்பாலானவை குஞ்சாகின்றன. காட்டோடையின் கூழாங்கல்லுக்கு அடியில் பெரும்பாலானவை ஆவதில்லை. வாக்கைக் காப்பாற்றுகிற கண்ணி இது. இந்த இடத்துக்கு வந்தபோது என் கோபத்துக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆனால் நண்பனின் வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. பொரிப்பகத்தால் உண்டான மீன்களுக்கு மட்டும்தான் அது செல்லும். எல்லா மீனும் சரியான வாசலுக்கு வருவதில்லை. ஒரு பங்கு வழிதவறிப் பக்கத்துக் காட்டோடைகளுக்குள் ஏறி, அங்கே பரம்பரையாக வாழும் சால்மனோடு கலக்கிறது. இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முட்டைப் பருவத்தில் தண்ணீரின் வெப்பத்தை மாற்றி மாற்றி வைத்தால், மீனின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லில் மர வளையங்கள்போலக் கோடுகள் விழும். ஒவ்வொரு பொரிப்பகத்துக்கும் ஒரு கோட்டு வரிசை, அசல் பார்கோடு. ஓடையில் செத்துக் கிடக்கும் மீனின் தலையைப் பிளந்து அந்தக் கல்லைத் தேய்த்துப் பார்த்தால் அது எங்கே பிறந்தது என்று தெரிந்துவிடும். அப்படிச் செய்த ஆய்வுகளில், ஓடைக்குள் வந்த பொரிப்பக மீன்களுக்குக் காட்டு மீன்களைவிடக் குறைவான சந்ததியே தேறுகிறது என்று தெரிந்தது. ஓடைக்கு ஏற்பத் தலைமுறைகளாகச் செதுங்கிய ஒன்று அங்கே நீர்த்துப்போகிறது. காட்டு மீன்கள் பொரிப்பகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருந்திருக்கும். அவற்றின் முன்னால் ‘நாங்கள் இல்லாவிட்டால் நீ இல்லை’ என்று யாரும் சொல்ல முடியாது.

இதைச் சொல்லி முடித்ததும், இடத்தை மூடு என்று நான் சொல்வேன் என்று நண்பன் எதிர்பார்த்தான். சொல்ல முடியவில்லை. 1970களின் தொடக்கத்தில் அலாஸ்காவில் சால்மன் வரத்து படுத்துவிட்டபோதுதான் இந்தப் பொரிப்பகங்கள் வந்தன. 1993இல் இந்த விரிகுடாவின் ஹெரிங் மீன்வளம் சரிந்தது, இன்றுவரை பழைய நிலைக்கு வரவில்லை. கப்பல் எண்ணெய்தான் காரணமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பலருக்கு மிஞ்சியது பிங்க் சால்மன். கூண்டில் அடைத்து மீன் வளர்ப்பதை 1990இல் சட்டம் போட்டுத் தடுத்த மாநிலம் இது, ஆகவே அவர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் எழுதினால் அது என் வீடியோவைவிட மோசமான காரியம். ஹெரிங் வலையை மடித்து வைத்தவரின் எதிரில் நின்று காட்டோடையின் தூய்மை பற்றிப் பேச என்னிடம் என்ன இருக்கிறது? மூன்று நாள் விடுப்பும் வாடகைக் காரும்.

மறுநாள் ஆலிசன் பாயின்ட்டில் நண்பனின் தூண்டிலில் ஒரு கோஹோ மாட்டியது. வெள்ளிப் பாளம்போல இருந்தது. அவன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டி நிறுத்திவிட்டு, பாறையில் வைத்துச் சுத்தம் செய்தான். தலையை வெட்டி ஓரமாக வைத்தபோது, “அதைத் தூக்கிப் போட்டுடாத” என்றேன். காட்டு மீனா, பொரிப்பக மீனா என்று உள்ளே எழுதியிருக்குமோ என்னவோ.

“உங்கிட்ட மைக்ராஸ்கோப் இருக்கா?”

இல்லை.

“அப்ப மிளகாய்த்தூளாவது இருக்கா, அதைச் சொல்லு.”

அது இருந்தது. ராத்திரி தங்கிய இடத்தின் சமையலறையில் தலையைக் குழம்பு வைத்தோம். பல்லில் கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. கையில் எடுத்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாதாரண முள்ளெலும்புதான் போல.