அழைத்தவன் திரும்பிவிடலாமா?

1964-ம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் தொண்டர்கள் போனார்கள். பெரும்பாலோர் வடமாநிலக் கல்லூரி மாணவர்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் பதியும்படி கறுப்பின மக்களை வீடு வீடாகச் சென்று அழைப்பது அவர்கள் வேலை.

பெயர் பதியப் போனவர் மாநிலச் சாசனத்தின் ஒரு பகுதிக்கு விளக்கம் எழுத வேண்டும். பெயர் பத்திரிகையிலும் வெளிவரும். முதலாளி கண்டால் வேலை போகும். குடியிருக்கும் வீடும் போகலாம்.

மாணவன் கோடை முடிந்ததும் ஊர் திரும்புவான். குடியானவனோ அங்கேயே வாழ வேண்டும். பிறர் தலையில் ஆபத்தை ஏற்ற இவனுக்கு என்ன உரிமை?

அழைத்தவர்களும் ஆபத்தில் பங்கு கொண்டார்கள் என்பது உண்மை. ஜூன் 21-ல் சேனி, குட்மன், ஷ்வெர்னர் என்ற மூன்று தொண்டர்கள் கொல்லப்பட்டார்கள். ஆயினும் பங்கு சமமன்று.

வியாபாரிகளாகிய நமக்கு ஒரு நியாயம் தெரியும். சரக்கின் குறையைச் சொல்லிவிட வேண்டும். வாங்குவதும் விடுவதும் பணம் கொடுப்பவர் இஷ்டம். அழைப்பவன் கடமையும் அதுவே. ஆபத்தை மறைத்து அழைத்தால் மோசடி; சொல்லி அழைத்தால் மரியாதை.

மிசிசிப்பி மக்கள் அந்த ஆபத்தை மாணவர்களைவிட நன்கு அறிந்தவர்கள். அறிந்தே சுமார் 17,000 பேர் பதியப் போனார்கள். ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1,600 பேரே. மறு ஆண்டு, 1965-ல், வாக்குரிமைச் சட்டம் வந்தது.

அவர்களுக்காக அஞ்சி, அழைக்காமலே இருந்திருந்தால், அதுவும் அவர்களுக்காக நாமே முடிவு செய்ததாகும் அல்லவா?