சூரைச்செடியின் நிழல்

ஈஸ்டர் முடிந்த கையோடு எங்கள் பக்கத்தில் கல்யாணங்கள் தொடங்கிவிடும். லெந்து நாட்களில் கல்யாணம் வைக்கிற வழக்கம் இல்லை; தள்ளிப்போனதெல்லாம் ஏப்ரலிலும் மேயிலும் வந்து நெருக்கும். கூடவே பிள்ளைகளுக்கு விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, ஊர்க்கோயிலில் அசனம், லீவுக்கு வந்து தங்கும் சொந்தங்கள். திருநெல்வேலிச் சீமையில் வெயில் உச்சிக்கு ஏறும் மாதங்களில்தான் கிறிஸ்தவப் பெண்ணின் வேலையும் உச்சிக்கு ஏறுகிறது. மே 4 வாக்கில் கத்திரி பிறக்கும்போது பாதிப் பேர் ஏற்கெனவே களைத்துப் போயிருப்போம்.

எந்த வீட்டுக்கு நேரில் போவது, எந்த வீட்டுக்கு மொய்யைக் கொடுத்தனுப்பிவிட்டு ஜெபித்துக்கொள்வது என்று கோடைக்கு முன்பே தீர்மானித்துக்கொள்கிறேன். கேட்பதற்குக் கடுமையாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் ‘ஆகட்டும்’ என்று தலையாட்டிவிட்டு வீட்டில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதை ஊழியம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

*

எலியாவின் கதைக்கு இந்த நாட்களில் அடிக்கடி போகிறேன். யேசபேலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒருநாள் வழி நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், செத்துவிடலாம் என்கிறார். வந்த தூதன் அவரைக் கண்டிக்கவில்லை. கர்மேலில் அக்கினி இறங்கியதே, அதற்குள் மறந்துவிட்டதா என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறார். அதற்கும் ஒரு வார்த்தை இல்லை. இரண்டாம் முறை எழுப்பும்போதுதான் போக வேண்டிய வழி நெடுந்தொலைவு என்ற பேச்சே வருகிறது. அதன்பின் ஓரேப்வரை நாற்பது நாள் நடை, அங்கேதான் அந்த மெல்லிய சத்தம்.

அந்தச் சத்தத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். அடையைப் பற்றிக் கேட்டது குறைவு. பெண்கள் கூட்டங்களிலாவது அதை விரித்துப் பேச வேண்டும். தம்முடைய ஊழியக்காரனுக்குப் புது வேலை கொடுக்குமுன் கர்த்தர் அவன் பசியையும் தூக்கத்தையும் கவனித்திருக்கிறார். அந்த உடம்பு அவர் படைத்ததுதானே.

ஆண்டவர் இயேசுவும் சீகார் ஊருக்குப் பக்கத்தில் உச்சிவேளையில் நடந்து களைத்துக் கிணற்றோரம் உட்கார்ந்தார். களைப்பை மறைக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் வாய்விட்டுத் தண்ணீர் கேட்டார். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, ‘எனக்கு ஒரு தம்ளர் மோர் கொண்டு வா’ என்று கேட்கிற பெண்கள் நம்மில் எத்தனை பேர்?

*

கோயிலிலும் மண்டபத்திலும் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று பயந்து, விடிந்ததிலிருந்து தண்ணீரைத் தொடாமல் கிளம்புகிறோம். மதியத்துக்குள் தலைவலி, சாயந்தரம் நீர்க்கடுப்பு. ‘சூடு பிடிச்சிருக்கு’ என்று வெந்தயத்தை விழுங்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். கிருமித் தொற்றாக இருந்தால் வெந்தயத்துக்குக் கேட்காது. காய்ச்சலும் விலாப்பக்க வலியும் சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஐம்பதை நெருங்குகிறவர்களுக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தின் உள்சூடு வேறு. அதைப் பற்றிக் கூடப்பிறந்தவளிடம்கூடப் பேசுவதில்லை.

வேதத்தில் வரும் சூனேமியாளின் பையன் அறுவடை வயலில் தலை நோகிறது என்று அலறி, மதியம்வரை தாயின் மடியில் கிடந்து இறந்துபோனான். வெயில் தாக்கியதாலா என்று வேதம் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. வெயிலில் நின்றவர் பேச்சு குழறினால், உடம்பு கொதித்தால், நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணி போர்த்தி, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ஜெபத்தை வழியிலேயே செய்துகொள்ளலாம்.

*

பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி, அதில் நுங்கை வழித்துப் போட்டுத் தருவார்கள். இரண்டு கையாலும் பட்டையை ஏந்திக் குனிந்து குடிக்க வேண்டும். முதல் மிடறில் ஓலையின் பச்சை வாசனை, அதற்கடியில் லேசான சுண்ணாம்பு வாடை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் இருக்கிறது. அப்புறம்தான் தித்திப்பு. (சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆசைக்கு ஒரு மிடறோடு நிறுத்திக்கொள்ளட்டும்.)

இதே பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சியவர்கள் எங்கள் தேரிக்காட்டுப் பெண்கள். ஆண் மரமேறி இறக்கியதைப் பெண் அடுப்பேற்றிக் கிண்டுவாள். கெட்டுப்போகும் என்பதால் அடுப்பைத் தள்ளிப்போட முடியாது. பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுவாள். வெளியே கோடை வெயில், உள்ளே பனையோலை எரியும் தீ. இடையன்குடி, மெஞ்ஞானபுரம், நாசரேத் பக்கத்துக் கோயில்களில் விழுந்த காணிக்கையில் அந்த வேக்காடும் சேர்ந்திருக்கிறது.

மிஷனரி கால்டுவெல் ஐயர் 1841இல் இடையன்குடிக்கு வந்தவர். 1891இல் அவர் இறந்தது கொடைக்கானலில். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845இலேயே கொடைக்கானலில் வீடு கட்டிவிட்டார்கள். சமவெளியின் சூட்டுக்கும் நோய்க்கும் கூட இருந்தவர்களைப் பறிகொடுத்த பிறகு, மலையில் தங்குவதை அவர்கள் சொகுசாகப் பார்க்கவில்லை. உயிரோடு இருந்து வேலை செய்வதற்கான ஏற்பாடாகப் பார்த்தார்கள். மிஷனரிகளுடைய உழைப்பை எங்கள் பாட்டிமார் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். ஓய்வுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கும் பழக்கம் மட்டும் எங்கள் வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

மலைக்குப் போக எல்லாராலும் முடியாது. பாயை விரித்து மதியம் ஒரு மணி நேரம் கண்ணை மூட முடியும்.

*

கோடையில் ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறேன். மொட்டைமாடியில் அப்போதுதான் தரை ஆறியிருக்கும். பகல் வெயிலைப் பற்றியும் இரவு நிலாவைப் பற்றியும் சொல்கிற 121ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசிப்பேன். போனைக் கீழேயே வைத்துவிட்டு வருவேன். சில நாள் ஜெபம் ஓடாது, சும்மா உட்கார்ந்திருப்பேன்; அதுவும் அவர் முன்னால்தானே. வெயில் ஏறுமுன் சமையல் முடிந்துவிடும். காலைக்குப் பழைய சோறும் சின்ன வெங்காயமும். மண்பானையை நிரப்புவதும் மோர் கடைவதும் மகனுடைய பொறுப்பு.

அசனத்துக்கு விடிய விடிய காய் நறுக்குகிற பெண்கள் கடைசிப் பந்தியில் ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இந்த மாதப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன். காய் நறுக்குகிறவர்களுக்கு முதல் பந்தி, பந்தலுக்குள் ஒரு மேசை விசிறி, கழிப்பறைக்கு அன்று காலையே தண்ணீர். ஐயரம்மாவிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன். என் மைனி தானே எழுந்து முன்மொழிவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.